பந்தயக் காளை கட்டிய வீடு

மலைச் சானடோரியம், பெண்கள் வார்டு
5-1-1939

சூசைக்கு,

எனக்குக் குணமாகிவிட்டது. திரும்பத் திரும்பச் சளியைச் சோதித்துப் பார்த்து, இனிக் கிருமி இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மாசி பிறப்பதற்குள் கட்டிலைக் காலி செய்யவேண்டும். அடுத்தவள் ஒருத்தி வராந்தாவில் பாயோடு காத்திருக்கிறாள்.

பயப்படாதே, சேலத்துக்கு உன் வீட்டுக்கு வரமாட்டேன். போன தடவை நான் வந்தபோது உன் மனைவி ரோசம்மாள் வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாளே, அந்தப் புகையில்தான் எனக்கு நிஜமாகவே இருமல் வந்தது. நீயும் பார்த்துக்கொண்டு நின்றாய்.

என் சாளைக்குப் போகப்போகிறேன். நர்ஸ் வேலையில் இருந்தபோது கொல்லிமலை அடிவாரத்தில் காட்டோடு வாங்கிப் போட்டேனே, அந்த ஓட்டு வீட்டுக்குத்தான். ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது, காற்று நல்லது, ஒரு வருஷம் அங்கே இருந்து உடம்பைத் தேற்றிக்கொள் என்று டாக்டரும் சொல்கிறார்.

மாட்டுப் பொங்கலுக்கு ராசிபுரத்திலிருந்து பேளுக்குறிச்சி ரோட்டில் ரேக்ளாப் பந்தயம் ஓடுமே, உயிர் போனாலும் நீ அதன் பின்னால் போவாய். பந்தயம் போகிற வழியில்தான் சாளை. சாவி உன் வீட்டு ஆணியில் தொங்குகிறது. கொஞ்சம் இறங்கி, பூட்டைத் திறந்து, உள்ளே போய்ப் பார். மழையில் பின்சுவர் விழுந்ததா, ஓடு சரிந்ததா, எல்லோருக்கும் பொதுவான அந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எழுது.

நான் கேட்பது இது ஒன்றுதான். எனக்குப் போக வேறு இடம் இல்லை, சூசை.

இன்பமேரி


செவ்வாய்ப்பேட்டை, சேலம்
17-1-1939

அன்புள்ள அக்காவுக்கு,

சேசு மரி துணை. இங்கே எல்லோரும் சுகம், என் முதுகைத் தவிர. பந்தயத்துக்குப் பின்னால் விட்ட பஸ்ஸில் இடமில்லாமல் கூரை மேல் உட்கார்ந்து போனேன். விடியற்காலைப் பூசை பார்த்துவிட்டுத்தான் போனேன், அதற்குள் சண்டைக்கு வராதே.

நம் சவரியார் மச்சான் இந்த வருஷம் புதுக் காளை ஜோடி இறக்கியிருந்தார். ரோசம்மாளுக்கு அண்ணன் பெருமை சொல்லி மாளவில்லை. வெள்ளை வெளேரென்று இரண்டு உருப்படி, ராசிபுரம் நெய்யும் பருத்திக்கொட்டையும் போட்டு வளர்த்தது. கொடி விழுந்ததும் கிளம்பியது பார், ரோடே தெரியவில்லை, புழுதிதான்! ஜனம் இரண்டு பக்கமும் கத்துகிறது. பேளுக்குறிச்சிக்கு முன்னால் மச்சான் வண்டி பிந்தியது. வண்டிக்காரன் குனிந்து காளையின் வாலை வாயில் வைத்துக் கடித்தான். நிஜமாகவே பல்லால் கடித்தான் அக்கா, உதட்டில் ரத்தம். தார்க்குச்சியின் முள்ளில் மிளகாய் தடவியிருந்ததாம். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் குமட்டியது. கூரை மேல் இருந்தவன் ஒருவன் சாராயம் குடித்து என் வெள்ளைச் சட்டை மேலேயே வாந்தி எடுத்தான், அது வேறு. மச்சானுக்கு இரண்டாவதுதான் கிடைத்தது. முதலில் வந்தவன் திருட்டுத்தனமாகக் குறுக்கே வெட்டி ஓட்டினான் என்று எல்லைக்கல்லடியில் அடிதடி.

உன் சாளையைப் பார்த்தேன். ஓடு எல்லாம் இருக்கிறது. பூட்டும் பூட்டியபடி இருக்கிறது. கவலைப்படாமல் இரு.

உன் தம்பி
சூசைமாணிக்கம்


சானடோரியம்
21-1-1939

சூசைக்கு,

மாட்டுக்கு ஒரு பக்கம் முழுக்க, எனக்கு மூன்று வரி. படித்துவிட்டுக் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். பிறகு எடுத்து நிமிர்த்தி மறுபடி படித்தேன், ஒருவேளை ஏதாவது விட்டுவிட்டேனோ என்று.

பஸ் கூரை மேலிருந்து பார்த்தாய், அவ்வளவுதானே? பஸ் நிற்கவில்லை, நீயும் இறங்கவில்லை. சாவி உன் வீட்டிலேயே தொங்கியது. பூட்டியபடி இருக்கிறது என்று எனக்கு எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

நான் சீழைத் துடைத்திருக்கிறேன். புழு வைத்த புண்ணைக் கழுவியிருக்கிறேன். அடுத்தவர் சளியைக் கிண்ணத்தில் ஏந்தியிருக்கிறேன், அதில்தான் எனக்கு இது தொற்றியது. அதெல்லாம் எனக்கு ஒருநாளும் அருவருப்பாக இருந்ததில்லை. வாயில்லா ஜீவன் வாலைக் கடித்து ஓட்டுகிறவனும், அதைப் பார்க்கக் கூரை மேல் ஏறுகிறவனும்தான் எனக்கு அருவருப்பு. கொஞ்சம் குமட்டியதாம்! கொஞ்சம்!

இன்னும் நாள் இருக்கிறது. ஒருநாள் தையற்கடையைச் சாத்திவிட்டுப் போ. கதவைத் திறந்து உள்ளே நின்று பார்த்துவிட்டு எழுது. உன்னால் முடியாது என்றால் அதையாவது நேராகச் சொல்லு.

இன்பமேரி


செவ்வாய்ப்பேட்டை
30-1-1939

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போய்வந்தேன். வந்து இரண்டு தடவை குளித்தும் இன்னும் மூக்கிலிருந்து அந்த நாற்றம் போகவில்லை. என்ன எழுதுவது, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீ உள்ளே நின்று பார் என்றாய். பார்த்ததை எழுதுகிறேன்.

கிளம்பும்போதே ஆணியில் சாவி இல்லை. ரோசம்மாளைக் கேட்டால், எலி இழுத்திருக்கும் என்றாள். சாவியை எலி இழுக்குமா? சரி, அங்கே போய்ப் பூட்டை உடைத்துக்கொள்வோம் என்று போனேன். போனால் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே மாடு.

நீ கட்டில் போட வைத்திருந்த அறையில் மச்சானுடைய காளைகளைக் கட்டிப் பொங்கலுக்கு முந்தியிலிருந்தே வளர்த்திருக்கிறார்கள். முழங்கால் அளவு சாணமும் மூத்திரமும் அழுகின வைக்கோலும். ஜன்னலைச் சாக்கு வைத்து அடைத்திருக்கிறார்கள், வெளிச்சம் இல்லை, ஈ மட்டும் ஒரே இரைச்சல். அடுப்படியில் சாராய பாட்டில், கோழிக் குடல், மனுஷன் அசிங்கம். மாதா படம் இருந்த மாடத்தில் வெற்றிலையைத் துப்பி வைத்திருக்கிறார்கள். இடது காளை படுத்திருந்தது. அதன் வாலில் கடித்த இடம் புழுத்துப்போய் இருக்கிறது. நான் வெளியே ஓடிவந்து வேலியோரம் வாந்தி எடுத்தேன். பந்தயத்தில் பார்த்த வெள்ளைக் காளை அது! இனி எந்த ரேக்ளாவையும் கண்ணால் பார்க்கமாட்டேன்.

காளைக்குக் காவல் இருந்த காளியப்பன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான். பந்தயக் காளைக்கு எதிராளி மருந்து வைத்துவிடுவான் என்று எல்லோரும் ஒளித்துத்தான் கட்டுவார்களாம். அவன் பெருமையாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நம்ம எசமாங்க யோசனைதானுங்க. தங்கச்சியம்மாகிட்டச் சாவியை வாங்கியாந்தாருங்க. சயரோகக்காரி ஊடு, செவுரெல்லாம் சளி துப்பி வெச்சிருக்குதுன்னு அக்கம்பக்கம் ஒரு வார்த்தை போட்டு வெச்சோமுங்க. மருந்து வெக்கறவன் ஒருத்தன் எட்டிப் பாப்பானுங்களா? மாட்டுக்குத்தான் அது தொத்தாதுங்களே!"

உனக்கு இந்த நோய் என்று நான் ரோசம்மாளிடம் மட்டும் சொன்னேன். அவள் தன் அண்ணனிடம் மட்டும் சொன்னாளாம். சாவியை எதற்குக் கொடுத்தாய் என்று கத்தினேன். "அவங்க திரும்பி வருவாங்கன்னு யாருங்க நெனைச்சா?" என்றாள். அழவில்லை, மறைக்கவும் இல்லை. சோறு வடித்துக்கொண்டே சொன்னாள்.

அக்கா, நீ அங்கே வரவேண்டாம். வீட்டைக் கழுவிவிடலாம், ஜனங்களை என்ன செய்வது? அந்தக் கிணற்றுக்கு வருகிறவர்கள் சாளைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நம் சாமியாரிடம் சொல்லி ஏதாவது கன்னியர் மடத்தில் இடம் கேட்கட்டுமா? இங்கே வா என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். நான் சொல்லாமலே உனக்குத் தெரியும்.

சூசைமாணிக்கம்


என் சாளை
14-2-1939

சூசைக்கு,

மேலே எங்கிருந்து எழுதியிருக்கிறேன் என்று பார். நான் வந்துவிட்டேன்.

பேளுக்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு கட்டை வண்டி பேசினேன். எந்த வீடு என்று சொன்னதும் வண்டிக்காரன் என் பெட்டியை ரோட்டிலேயே இறக்கி வைத்துவிட்டான். தலையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். காளையும் காளியப்பனும் போயிருந்தார்கள், அசிங்கத்தை எனக்கு விட்டுவிட்டு. வந்ததிலிருந்து வழித்துக் கொட்டுகிறேன், சுரண்டுகிறேன், சுண்ணாம்பும் பினாயிலும் போட்டுக் கழுவுகிறேன். முதுகு ஒடிகிறது. ஆனால் இருமல் வரவில்லை.

தண்ணீர்தான் கஷ்டம். கிணற்றில் என் குடத்தை இறக்கக் கூடாதாம். பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாயி சேந்தி, எட்ட நின்று, மேலேயிருந்து என் குடத்தில் ஊற்றுகிறாள். ஒரு சொட்டு அவள் காலில் தெறித்தால் மண்ணில் தேய்த்துக்கொள்கிறாள். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன். "எங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்க, சாமி" என்றாள். மரியாதை ஒன்றுக்கும் குறைச்சல் இல்லை. முதல் நாள் அந்தத் தண்ணீரை அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டேன். மறுநாள் தாகத்துக்கு அதைத்தான் குடித்தேன்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்கு யார் என்ன சொன்னார்களோ அதை நம்புகிறாள். நேற்று அவளாகவே ஒன்று சொன்னாள். "உங்களைத் தேடி யாருமே வல்லீங்களே. தை மாசத்துல வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தரு வந்தாரு. மூக்குல துணிய வெச்சிக்கிட்டு ஊட்டைப் பாத்தாரு. வாந்தி எடுத்துட்டுக் கெணத்தடிக்கு வந்தாரு. அந்தம்மாளுக்கு ஒறம்பரையான்னு கேட்டேனுங்க. இல்லீங்க, எனக்கும் அவங்களுக்கும் ஒண்ணும் இல்ல, மாடு பாக்க வந்தேன்னாரு."

ஒறம்பரை என்றால் சொந்தக்காரன் என்று உனக்குத் தெரியும்தானே? ஈ மொய்த்ததிலிருந்து கோழிக் குடல் வரை எல்லாம் விவரமாக எழுதினாய். இதை மட்டும் ஏன் எழுதவில்லை?

நான் எத்தனையோ அசிங்கத்தை இந்த வாரம் கையால் அள்ளினேன். இது ஒன்றைத்தான் எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை.

இன்பமேரி


செவ்வாய்ப்பேட்டை
18-2-1939

அக்கா,

நீ எழுதியது நிஜம். அப்படித்தான் சொன்னேன்.

கிணற்றடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு மயக்கம் வந்தது, தொண்டை வறண்டிருந்தது, தண்ணீர் கேட்டேன். பொன்னாயி பித்தளைச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிக் கேட்டாள். ஆமாம் என்றால் செம்பு கைக்கு வராது என்று பட்டது. வாய் தானாகவே சொல்லிவிட்டது. செம்பு கைக்கு வந்தது, குடித்தேன். அதற்கு மேல் நியாயம் சொல்ல எனக்கு வராது.

நீயும் கொஞ்சம் என் நிலைமையைப் பார். நான் நாலு பேர் உடம்பில் அளவெடுத்துத் தைக்கிறவன். சயரோகக்காரி தம்பி என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் என் கடைப் படியை யார் மிதிப்பார்கள்? எழுதும்போதே எனக்கு இது கேவலமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். மச்சானோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அந்த இடது காளையை அடிமாட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். அடுத்த வருஷத்துக்கு வேறு ஜோடி பார்க்கிறாராம்.

சாம்பல் புதன் கழிந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வரலாமா? அரிசி, பருப்பு, ஒரு கம்பளி கொண்டுவருகிறேன். சாயங்காலமாகக் குறுக்கு வழியில் வந்தால் கிணற்றடியில் யாரும் இருக்கமாட்டார்கள். உனக்கும் தொந்தரவு இல்லை.

சூசை


சாளை
21-2-1939

சூசைக்கு,

குறுக்கு வழியில் வராதே. சாயங்காலமும் வராதே. திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறவன்தான் அப்படி வருவான்.

வருவதானால் காலையில் வா. அவர்கள் தண்ணீர் சேந்துகிற நேரத்தில் கிணற்றடி வழியாக வா. பொன்னாயி கேட்பாள். அவளுக்கு ஒரு முகத்தைக் கண்டால் மறக்காது. அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே வா. சொல்ல முடியாது என்றால் அரிசி மூட்டையை ரோட்டோரம் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடு. இந்த ஊரில் என் சாமானை ரோட்டிலிருந்து நானேதான் தூக்கிப் பழக்கம்.

இன்பமேரி


செவ்வாய்ப்பேட்டை
27-2-1939

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று உன் வாசலில் அரிசி மூட்டையோடு வந்து நின்றபோது நீ கிணற்றடியில் நடந்ததைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நேரில் எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும்.

பொன்னாயி என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். "ஏனுங்க, இப்பவும் மாடு பாக்கத்தான் வந்தீங்களா? மாடெல்லாம் போயிருச்சுங்களே" என்றாள். நான் மூட்டையை இறக்கி வைத்தேன். "மாடு இல்லீங்க. அது எங்க அக்கா. கூடப் பொறந்த அக்கா. அன்னைக்குப் பொய் சொன்னேன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, துவைத்துக்கொண்டிருந்தவள்கூட நிமிர்ந்து பார்த்தாள்.

ஒவ்வொருத்தியாகக் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றாள். வெயில் ஏறிவிட்டது, நா வறண்டது, தண்ணீர் கேட்டேன். பொன்னாயி செம்பைக் கொடுக்கவில்லை. கையை ஏந்தச் சொல்லி எட்டத்திலிருந்து ஊற்றினாள். முழங்கை வழியாக வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது. நீ தினமும் இப்படித்தான் வாங்குகிறாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. படித்தபோது உறைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நீ எனக்குச் சோறு போட்டபோது, வழியில் ராசிபுரத்தில் சாப்பிட்டுவிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. வயிறு காந்தியது. உன் வீடு ஆஸ்பத்திரி மாதிரிச் சுத்தமாக இருந்தது, ரசம் மணத்தது, இருந்தும் கை நீளவில்லை. அவ்வளவு பெண்களுக்கு முன்னால் அக்கா என்று கத்திச் சொல்லிவிட்டு வந்தவனுக்கு ஒரு கவளம் எடுத்து வாயில் வைக்கத் தைரியம் இல்லை. நீ பானையை மூடிவிட்டாய். உனக்குத் தெரிந்துவிட்டது.

பட்டினியோடு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் வெந்நீர் தயாராக இருந்தது, வெளியிலேயே குளிக்கச் சொன்னாள் ரோசம்மாள். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ரோசம்மாள் எனக்கு முன்னால் வாழை இலை போட்டாள். குழந்தைகளுக்குத் தட்டு.

"இன்னைக்கு என்ன விசேஷம்? தபசு காலத்து நோன்புல இலை போடறே?" என்றேன்.

"இலைன்னா தூக்கிப் போட்டுறலாங்க, கழுவ வேண்டாம் பாருங்க" என்றாள். சின்னவள் என் பக்கத்தில் உட்கார வந்தாள். அவளை இழுத்து அந்தப் பக்கம் உட்காரவைத்தாள்.

திட்ட வாயெடுத்தேன். என்ன சொல்லித் திட்டுவேன், அக்கா? மத்தியானம் நான் உனக்குச் செய்ததைத்தான் அவள் எனக்குச் செய்கிறாள். அந்த இலையில் சாப்பிட்டேன். அவள் மேலும் அருவருப்பு, என் மேலும் அருவருப்பு. பாயை வெளி அறையில் போட்டிருந்தாள், அங்கே படுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு முதல் பஸ்ஸில் வருகிறேன். பின்சுவரைப் பூசிக் கொடுக்கிறேன். பட்டினியாகவே வருவேன். எனக்கென்று தனியாக ஒன்றும் எடுத்து வைக்காதே. நீ சாப்பிடுகிற தட்டிலேயே எனக்கும் போடு.

உன் தம்பி
சூசை